குதிரைவால் செடியைக் கணுவிலிருந்து படிப்பது எப்படி?

தாவரவியல் பழகத் தொடங்குபவர்கள் ஒரு செடியைக் கண்டதும் முதலில் இலையைத் தேடுவார்கள், அடுத்து பூவை. குதிரைவால் செடியிடம் இந்த இரண்டு வழியும் செல்லுபடியாகாது. அதற்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. இலை இருக்கிறது, ஆனால் அதை இலை என்று யாராவது காட்டித் தந்தால்தான் தெரியும். பெரணிகளுக்கு உறவான இந்தச் செடியின் அடையாளம் முழுவதும் தண்டில், அதிலும் கணுவில் இருக்கிறது. கணுவைப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

இன்று உயிரோடு இருக்கும் குதிரைவால்கள் அனைத்தும் ஈக்விசிட்டம் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சிற்றினங்கள் இருபதுக்கும் குறைவு. ஆகவே தொடக்கநிலையாளர் துணிந்து இறங்கக்கூடிய குழு இது.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், புதிய பிளேடு, வெள்ளைத் தாள், குறிப்பேடு. நுண்ணோக்கி கிடைத்தால் மிகவும் நல்லது. படி 6-க்கு அது வேண்டும்.

படி 1: செடியைக் கண்டுபிடியுங்கள்

ஆற்றங்கரை, ஓடையோரம், குட்டையின் விளிம்பு, நீர் தேங்கும் மணற்பாங்கான நிலம் ஆகிய இடங்களில் தேடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அண்டார்க்டிகா தவிர மற்ற எல்லாக் கண்டங்களிலும் இது இயற்கையாக வளர்கிறது. காட்டில் கிடைக்காவிட்டால் தாவரவியல் தோட்டங்களில் பாருங்கள். கிளையில்லாமல் நிமிர்ந்து நிற்கும் ஈக்விசிட்டம் ஹைமேல் அழகுச் செடியாகவும் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது.

சவுக்கு மரத்தின் நுனிக்கிளைகளைப் பார்த்துக் குதிரைவால் என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலும் கணுக்கள் உண்டு, கணுவைச் சுற்றிச் செதில் இலைகளும் உண்டு. ஆனால் சவுக்கு பூக்கும் தாவரம், கட்டை பிடிக்கும் மரம். குதிரைவாலின் தண்டில் கட்டை பிடிக்காது.

படி 2: தண்டைத் தடவிப் பாருங்கள்

தண்டின் நீளவாக்கில் மேடுகளும் பள்ளங்களும் மாறி மாறி ஓடும். நகத்தால் குறுக்கே இழுத்தால் சொரசொரப்பு தெரியும். மேல்தோலில் படிந்திருக்கும் சிலிக்காதான் காரணம். உலோகப் பாத்திரங்களைத் தேய்க்கவும், மரவேலையில் பரப்பை மெருகேற்றவும் இந்தத் தண்டை மக்கள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தண்டு பச்சையாக இருப்பதையும் கவனியுங்கள். ஒளிச்சேர்க்கை வேலையைச் செய்வது தண்டுதான்; இலைகள் அந்தப் பொறுப்பை அநேகமாகக் கைவிட்டுவிட்டன.

படி 3: கணுவை லென்ஸில் பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றி ஒரு குட்டையான உறை இருக்கும். அதன் மேல் விளிம்பு பல் பல்லாக முடியும். அந்தப் பல் ஒவ்வொன்றும் ஓர் இலையின் நுனி. வட்டமாக அமைந்த சிறிய இலைகள் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று இணைந்து உறையாகிவிட்டன.

பற்களை எண்ணுங்கள். பிறகு, அந்தக் கணுவுக்கு நேர் கீழே உள்ள தண்டின் மேடுகளை எண்ணுங்கள். எண்ணிக்கை பொருந்தும். இப்போது ஒரு மேட்டைப் பிடித்து மேலே கணு வரை போங்கள். கணுவைத் தாண்டியதும் அதே கோட்டில் பள்ளம் வந்துவிடும், மேடு பக்கத்துக்கு நகர்ந்திருக்கும். அடுத்தடுத்த கணுவிடைகளில், அதாவது இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டுப் பகுதிகளில், மேடும் பள்ளமும் இப்படி இடம் மாறிக்கொண்டே போகும்.

கிளைகளும் கணுவில்தான் தோன்றும். பூக்கும் தாவரங்களில் கிளை இலைக்கோணத்திலிருந்து, அதாவது இலையும் தண்டும் சேரும் மூலையிலிருந்து வரும். இங்கே அது இரண்டு இலைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் உருவாகி, உறையின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. லென்ஸில் அந்தத் துளை நன்றாகத் தெரியும்.

சிற்றினம் பிரிக்க ஒரு நல்ல குறிப்பு: ஒரு கிளையின் முதல் கணுவிடையை அருகிலுள்ள தண்டு உறையோடு ஒப்பிடுங்கள். உறையைவிட நீளமாக இருந்தால் ஈக்விசிட்டம் ஆர்வென்ஸ். குட்டையாக இருந்தால் ஈக்விசிட்டம் பாலஸ்ட்ரே. ஒன்றுபோலத் தோன்றும் இந்த இரண்டையும் பிரிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 4: இழுத்துப் பாருங்கள், பிறகு வெட்டிப் பாருங்கள்

இளந்தண்டைக் கணுவுக்கு இருபுறமும் பிடித்து மெல்ல இழுங்கள். பேனா மூடியைக் கழற்றுவது போல் உறையிலிருந்து மேல் பகுதி கழன்று வரும். ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலே, வளரும் திசு ஒன்று உறைக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. அது மென்மையானது என்பதால்தான் அங்கே கழல்கிறது. தண்டு நுனியில் மட்டும் நீளாமல், பல கணுவிடைகளில் ஒரே சமயத்தில் நீள்வதும் இந்தத் திசுவால்தான்.

அடுத்து, கணுவிடையின் நடுவில் பிளேடால் மெல்லிய குறுக்குச் சீவல் எடுங்கள். நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கும். பள்ளங்களுக்கு நேர் உள்ளே காற்று நிறைந்த குழல்கள் வட்டமாக நிற்கும். மேடுகளுக்கு நேர் உள்ளே, நீரையும் உணவையும் கடத்தும் சாற்றுக்குழாய்க் கற்றைகளோடு ஒட்டியபடி, அவற்றைவிடச் சிறிய இன்னொரு வட்டக் குழல்கள் இருக்கும். நடு வெற்றிடத்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாலஸ்ட்ரேயில் அது மிகச் சிறியது, நீரில் நிற்கும் ஈக்விசிட்டம் ஃப்ளூவியாடைலில் தண்டின் பெரும்பகுதி வெற்றிடம்தான்.

படி 5: கூம்பைத் தேடுங்கள்

தண்டின் நுனியில் கூம்பு இருந்தால் அது இனப்பெருக்க உறுப்பு. ஆர்வென்ஸில் வசந்தகாலத் தொடக்கத்தில் வெளிறிய பழுப்பு நிறத் தண்டு ஒன்று கூம்போடு வந்து, வேலை முடிந்ததும் வாடிவிடும். அதன் பிறகே கிளைகளோடு பச்சைத் தண்டு எழும். பாலஸ்ட்ரேயில் பச்சைத் தண்டே கூம்பையும் தாங்கும். கூம்பின் பரப்பு அறுகோணத் தகடுகளால் ஆனது. ஒரு தகட்டை ஊசியால் பெயர்த்துத் திருப்பினால், உள்பக்கம் 5 முதல் 10 வரை ஸ்போர்ப் பைகள் வரிசையாக இருக்கும். விதையில்லாத இந்தச் செடி இனம் பெருக்கும் நுண்துகள்தான் ஸ்போர்.

படி 6: ஸ்போர்களின் மேல் ஊதிப் பாருங்கள்

முதிர்ந்த கூம்பை வெள்ளைத் தாளில் தட்டினால் பச்சைத் தூள் கொட்டும். ஸ்போர்களில் பச்சையம் இருக்கிறது. அவற்றின் ஆயுளும் குறைவு. ஆகையால் அன்றே பார்த்துவிடுங்கள். சிறிதளவு தூளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, தண்ணீர் விடாமல், நுண்ணோக்கியின் குறைந்த பெருக்கத்தில் பாருங்கள். உருண்டையான ஒவ்வொரு ஸ்போரிலும் நான்கு நாடாக்கள் விரிந்து கிடக்கும். தகட்டின் மேல் மெதுவாக ஊதுங்கள். மூச்சின் ஈரம் பட்டதும் நாடாக்கள் சுருண்டு ஸ்போரை இறுகச் சுற்றிக்கொள்ளும். ஈரம் காய்ந்ததும் மீண்டும் விரியும், ஸ்போர்கள் இடம் பெயரும், சில துள்ளும். இந்த அசைவை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து, ஸ்போர்கள் நடக்கவும் குதிக்கவும் செய்கின்றன என்று 2013-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். தாவர உலகில் நுண்ணோக்கியில் காணக்கூடிய மிக அற்புதமான காட்சிகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

படி 7: புதைபடிவத்தோடு ஒப்பிடுங்கள்

அருங்காட்சியகத்துக்குப் போனால் கலமைட்டிஸ் என்ற புதைபடிவத்தைக் கேட்டுப் பாருங்கள். சுமார் 36 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கார்பனிஃபெரஸ் காலத்தின் சதுப்புக் காடுகளில் நின்ற மரவடிவ உறவு அது. அதன் தண்டு கட்டை பிடித்தது. உயரம் 20 மீட்டரைத் தாண்டியது. இறந்த தண்டின் நடு வெற்றிடத்தில் சேறு நிறைந்து கல்லானதால், அதன் உட்புற வடிவம் அச்சாகப் பதிந்திருக்கிறது. கணுவில் மேடும் பள்ளமும் இடம் மாறுவதை அந்தக் கல்லிலும் விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவரும் முன்

மண்ணுக்கு அடியில் கரும்பழுப்பு நிற மட்டநிலத்தண்டு மிக ஆழம் வரை போகும். அதன் சிறு துண்டிலிருந்தும் புதுச் செடி முளைக்கும். தோட்டத்தில் நட்டால் பிறகு ஒழிப்பது பெரும்பாடு. வளர்க்க விரும்பினால் அடித்துளை இல்லாத தொட்டியில் வையுங்கள், மீந்த துண்டுகளை உரக்குழியில் போடாதீர்கள். குதிரைவாலில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தையமினேஸ் என்ற நொதி இருக்கிறது. காய்ந்த புல்லோடு கலந்து தின்னும் குதிரைகளை அது பாதிக்கிறது. பாலஸ்ட்ரேயில் கால்நடைகளுக்கு நஞ்சாகும் ஆல்கலாய்டும் உண்டு. நீங்களே அடையாளம் கண்ட செடியைக் கஷாயத்துக்கோ மருந்துக்கோ எடுக்கவே வேண்டாம்.