மதியமானால் நின்றுபோன ஆர்வி ஏசி

அரிசோனா கோடையில், ஆர்வி பார்க்கில் நிறுத்தியிருந்த எங்கள் ஆர்வியின் (உள்ளேயே தங்க வசதியுள்ள வண்டி) ஏசி காலையில் ஒழுங்காக ஓடும், மதியமானால் உறுமிவிட்டு நின்றுவிடும். ஏசியில் கோளாறில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 120 வோல்ட் வரவேண்டிய பார்க்கின் மின் இணைப்புக் கம்பத்தில் 103தான் வந்தது. எல்லா வண்டியிலும் ஏசி ஓடும் நேரம், பழைய வயரிங் தாங்கவில்லை. வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். அப்படியே விட்டால் எரிந்துபோகும்.

சாதாரண சர்ஜ் புரொடெக்டர் இதற்கு உதவாது. திடீரென எகிறும் மின்சாரத்தைத்தான் அது தடுக்கும். அதனால் வோல்டேஜைக் கண்காணிக்கும் ஈஎம்எஸ் என்ற கருவியை வாங்கினேன். விலை கையைக் கடிக்கும், இருந்தாலும் கம்ப்ரசரை மாற்றும் செலவுக்கு இது பரவாயில்லை. வோல்டேஜ் 104க்குக் கீழோ 132க்கு மேலோ போனால் தானாகத் துண்டிக்கும். சரியான பிறகு சற்றுப் பொறுத்து இணைக்கும். 50 ஆம்பியர் கம்பத்தில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) விட்டுப்போயிருந்தாலும் பிடித்துவிடும். அதுதான் உண்மையான ஆபத்து: 240 வோல்ட் தாறுமாறாகப் பிரிந்து மைக்ரோவேவ், டிவி எல்லாம் புகைந்துவிடும்.

சரி, துண்டித்தால் ஏசி எப்படி ஓடும்? வாட்டர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றினேன், மின்சுமை குறைந்து வோல்டேஜ் கொஞ்சம் ஏறியது. அப்புறம் பார்க் அலுவலகத்தில் கேட்டு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து இடத்துக்கு வண்டியை நகர்த்தினோம். அங்கே மதியத்திலும் 114 காட்டியது.