விரால் மூச்செடுக்கிற இடம்

ட்ரவுட் மீன் வேணுமெண்டால் நுவரெலியாக் குளிருக்குப் போங்கோ; வன்னியிலை தூண்டில்காரனோடை மல்லுக்கட்டிறது விரால்தான். அதுக்குத் தண்ணி மட்டும் காணாது, காத்துக் குடிக்க மேலை வரும். முத்தையன்கட்டுக் குளமோ வவுனிக்குளமோ, விடியப்புறம் குளக்கட்டிலை சத்தமில்லாமல் குந்தியிருந்து, தாமரை இலைக்கு நடுவிலை 'ளப்' எண்டு தண்ணி உடையிற இடத்தைப் பாருங்கோ. நேரே அதுக்குமேலை எறியாதேங்கோ. (அவசரத்திலை அப்பிடி எறிஞ்சு நான் கலைச்ச விரால் கனக்க.) ஒரு பாகம் (ஆறடி மட்டிலை) தள்ளித் தூண்டிலிலை கொளுவின தவளையை விழுத்தி மெல்ல இழுங்கோ. செம்மஞ்சள் குஞ்சுக்கூட்டம் தெரிஞ்சால் பெரிய மீனை விட்டிடுங்கோ, அது காவல் நிக்குது. முதலை இருக்கும், தண்ணிக்குள்ளை இறங்கவேண்டாம். குளத்து அலைகரைக் காட்டிலை போர்க்கால மிதிவெடிக்கான எச்சரிக்கைப் பலகை இல்லாட்டியும் ஆக்கள் நடந்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதேங்கோ.