மாகாளி ஊறுகாய் போடலாம், மலையைக் காலி செய்யாமல்

தை பிறந்துவிட்டால் மாம்பலம் கடைத்தெருவிலும் மயிலாப்பூர் மாடவீதியிலும் மாகாளிக் கிழங்கைக் கண்ணில் பார்க்கலாம். மண் ஒட்டிய பழுப்பு வேர்கள். தயிர்சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊறுகாய் எனக்குத் தெரியாது. கும்பகோணத்தில் அம்மா ஜாடி ஜாடியாகப் போடுவாள். நான் இப்போது ஒரே ஒரு சின்ன ஜாடியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏன், எப்படி என்று சொல்கிறேன்.

மாகாளி தென்னிந்தியாவின் வறண்ட பாறைச் சரிவுகளில் தானாக வளரும் கொடி. நல்லமலை, திருமலைக் காடுகள், ஜவ்வாது, பிலிகிரிரங்கன் மலை மாதிரி இடங்கள்தான் அதற்கு வீடு. சில இடங்களில் பயிரிடுகிறார்கள் என்றாலும் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு காட்டில் தோண்டியதே. கறிவேப்பிலை என்றால் ஒடித்த இடத்தில் மறுபடி துளிர்க்கும். இதில் நமக்கு வேண்டியதே வேர். மொத்தமாகத் தோண்டிவிட்டால் கொடியின் கதை முடிந்தது, அது அடுத்த கோடையில் பூத்துப் பஞ்சோடு பறக்கவிட்டிருக்கும் விதையும் போயிற்று. ஊறுகாய்க்கு மட்டுமா? கடையில் நன்னாரி சர்பத் என்று விற்பதில் பலவற்றுக்கும் இந்த வேர்தான் போகிறது. ஒல்லியான உண்மையான நன்னாரி வேரைவிட இது கனமானது, எடை கிடைக்கும்.

தோண்டுகிற சோளிகர், யானாதி பழங்குடி மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சில வேர்களை மட்டும் எடுத்துக்கொண்டு அடிக்கட்டையை மண்ணில் விட்டால் கொடி மறுபடி தழைக்கும், அது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இன்று விட்டுவைத்ததை நாளை வேறு ஆள் வந்து தோண்டிப் போவான் என்ற நிலையில், கிலோ கணக்கில் காசு என்றால், யார் விட்டுவைப்பார்கள்? வாங்குகிற நாம் குறைத்தால்தான் அந்த அவசரம் தணியும்.

சரி, வாங்கும்போது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அரைக் கிலோ போதும். தோலும் நடு நரம்பும் போக கிட்டத்தட்ட பாதிதான் தேறும், அதுவே பல மாதம் வரும். விரல் கனத்துக்கு மேல் இருக்கும் வேராகப் பொறுக்குங்கள். பென்சில் கனத்தில் குச்சி குச்சியாகக் குவித்திருந்தால் நான் வாங்குவதில்லை. இளங்கொடிகளையும் விடாமல் தோண்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். அடிக்கட்டையோடு கிடந்தால் கொடியே போய்விட்டது என்று அர்த்தம், அதையும் தொட மாட்டேன். எந்த ஊர்ச் சரக்கு, தோட்டத்துதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.

வேரை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவுங்கள். நீளவாக்கில் பிளந்து நடு நரம்பை எடுத்துவிட்டுப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். நறுக்க நறுக்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போடவேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். அப்புறம் வடித்து, அரை லிட்டர் கெட்டியான புளித்த தயிர், ஒரு கைப்பிடி கல்லுப்பு, இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி கடுகுப்பொடி, கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போடுங்கள். ஈரமில்லாத மரக்கரண்டியால் தினமும் கிளறவேண்டும். பத்து நாளில் ஊறிவிடும். அதற்கு மேல் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

இங்கேதான் சிக்கனத்துக்கு வழி இருக்கிறது. தயிர் குறைந்தால் உப்பும் புதுத் தயிரும் சேர்த்துக்கொண்டே வரலாம், துண்டுகளில் மணம் லேசில் போகாது. பாதி மாகாளி, பாதி மாங்காய் இஞ்சி என்று கலந்தும் போடுகிறேன். மாங்காய் இஞ்சி தோட்டப் பயிர், காட்டுக்குப் பாரமில்லை. வாசனை கொஞ்சம் மாறும், ஆனால் ருசியில் குறை சொல்ல முடியாது. சீவிய தோலையும் நரம்பையும் குப்பையில் போடாதீர்கள். நிழலில் உலர்த்தி, கொதிக்கவைத்து வடிகட்டி, சர்க்கரைப் பாகும் எலுமிச்சையும் சேர்த்தால் கோடைக்கு சர்பத் ஆயிற்று. வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலினுக்கு நெருங்கிய சொந்தமான பொருள்தான் இந்த வேரில் இருப்பது. அந்த மணம் நரம்பிலும் ஓரளவு இருக்கிறது.

இடமிருந்தால் வளர்த்தும் பார்க்கலாம். மூலிகை நாற்றங்கால்களில் சில சமயம் கன்று கிடைக்கும். சரளைக்கல் கலந்த, தண்ணீர் தேங்காத மண் வேண்டும், பாறை இடுக்கில் வளர்கிற கொடி என்பதை மறக்காதீர்கள். ஏறிப் படர ஒரு கம்பு நட்டுவிடுங்கள். தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், வேர் அழுகினால் காப்பாற்ற முடியாது. விதை கிடைத்தால் டப்பாவில் சேர்த்து வைக்காமல் உடனே விதையுங்கள், முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். வேர் பெருக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். முதல் தடவை தோண்டும்போது ஓரத்து வேரில் ஒன்றிரண்டை மட்டும் அறுத்துக்கொண்டு, மண்ணை மறுபடி மூடிவிடுங்கள்.