மகஜரைப் படித்துவிட்டுப் புட்டசாமிக்கு வாருங்கள்

போன் கைப்பற்றப்பட்ட கேஸ் கட்டு கைக்கு வந்ததும் ஜூனியர்கள் முதலில் தேடுவது 2017 புட்டசாமி தீர்ப்பைத்தான். ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை, எல்லாம் சரி. மாஜிஸ்ட்ரேட்டுக்கும் அது தெரியும். கட்டுக்குள் கசங்கிக் கிடக்கும் மகஜரை, அதாவது போலீஸ் போனைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவைத்தான் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே ரகம் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல். தேதி தவறுவது, வக்காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டாதது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அதற்கு கிளார்க் இருக்கிறார்.

ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போதும் என்று நினைப்பது

போதாது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) கேட்கும் சான்றிதழில் இப்போது இரண்டு பாகம். ‘ஏ’ பாகத்தில் தாக்கல் செய்யும் தரப்பு, ‘பி’ பாகத்தில் நிபுணர் கையெழுத்து. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் மாதிரியில் தேதியை மட்டும் மாற்றித் தாக்கல் செய்யாதீர்கள்.

மகஜரைப் படிக்காமல் வாதத்துக்குப் போவது

‘கறுப்பு நிற செல்போன் ஒன்று, சிம் கார்டுடன்.’ பல மகஜர்களில் போனைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்கிறதா? எடுக்கும்போது போன் ஆனில் இருந்ததா, ஆஃபிலா? நெட்வொர்க்கைத் துண்டித்தார்களா? கவரில் போட்டு சீல் வைத்து சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார்களா? இதில் ஒன்று விடுபட்டிருந்தாலும் உங்களுக்குக் கேள்வி கிடைத்துவிட்டது.

அடுத்து மூன்று தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்: மகஜர் தேதி, ஃபார்ம் 95-இல் (கைப்பற்றிய பொருளை கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம்) போன் கோர்ட்டுக்கு வந்த தேதி, தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போன தேதி. முதல் இரண்டுக்கும் நடுவில் அந்தப் போன் ஸ்டேஷனில் யாருடைய மேஜை டிராயரில் கிடந்தது? அந்தரங்கம் போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஆய்வக அறிக்கையில் உள்ள ஹாஷ், நகல் எடுத்த பிறகு எதுவும் மாறவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அது சொல்லாது.

ஒரு பணத் தகராறு வழக்கு. வெள்ளிக்கிழமை மாலை போன் எடுக்கப்பட்டது. கோர்ட்டுக்கு வந்தது அடுத்த வாரம். ‘நாங்கள் யாரும் திறக்கவே இல்லை’ என்று விசாரணை அதிகாரி கூண்டில் சொன்னார். வெள்ளி இரவு எதிரியின் (குற்றம்சாட்டப்பட்டவரின்) அண்ணன் ‘எங்கடா இருக்க’ என்று வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். அண்ணனின் போனில் அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், படிக்கப்பட்ட நேரம் சனிக்கிழமை முற்பகல். ஒரே ஒரு கேள்வி. கிராஸ் (குறுக்கு விசாரணை) செய்த ஜூனியர் தம்பி அதைக் கேட்கவில்லை; அரசமைப்புச் சட்டம் 21-ஆம் பிரிவைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்தார். சாட்சியை மறுபடி அழைக்கப் போட்ட மனு தள்ளுபடி. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தரங்கம் மீறப்பட்டது என்று சொல்லுமுன் யாரோ திறந்தார்கள் என்று காட்ட வேண்டாமா, தம்பி?

கேட்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே வாட்ஸ்அப் இணைக்கப்பட்டிருந்து யாராவது அதில் படித்திருந்தால் கேள்வி நம் தலையிலேயே விழும்.

சோதனையையும் கைப்பற்றலையும் ஆடியோ-வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105. பதிவின் நகலைக் கேட்டு மனுப் போடுங்கள். ஒழுங்காக சீல் வைத்த அதிகாரிக்கும் அந்தப் பதிவுதான் துணை.

பாஸ்வேர்டு விஷயத்தில் ஒரே தீர்ப்போடு நிற்பது

கைரேகை எடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 1961-இலேயே காதி காலு ஓகத் வழக்கில் முடிவாகிவிட்டது. மனதில் இருப்பதைக் கட்டாயப்படுத்தி வெளியே எடுக்கக்கூடாது என்பது 2010 செல்வி வழக்கு. பாஸ்வேர்டு இதில் எந்தப் பக்கம்? சொல்ல வைக்கலாம் என்றது விரேந்திர கன்னா வழக்கில் 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம். கட்டாயப்படுத்த முடியாது என்றது 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம். அரசுத் தரப்பு கன்னாவைக் காட்டினால் பதறாதீர்கள். போனை சிக்னல் புகாத ஃபாரடே பையில் போட வேண்டும் என்பது உட்படக் கைப்பற்றும் முறைகளை அதே தீர்ப்பு வரிசையாகச் சொல்கிறது. அந்தப் பக்கத்தைத் திருப்பி மகஜருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

‘வாட்ஸ்அப் என்க்ரிப்ட் ஆனது, யாரும் பார்க்க முடியாது சார்’

எதிர்முனையில் இருந்தவர் தன் போனைத் திறந்து கொடுத்தால்? பேக்கப்பும் அப்படித்தான்: அதற்கான என்க்ரிப்ஷன் 2021-இல் வந்தாலும் பயனர் தானாக ஆன் செய்தால்தான் உண்டு. கட்சிக்காரரிடம் முதல் நாளே கேளுங்கள்.

‘அழிச்சிடுங்க’ என்று சொல்வது

சொல்லாதீர்கள். சாட்சியத்தை அழிப்பது குற்றம்: பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 241.

போனைத் திரும்பக் கேட்காமல் விடுவது

ஆய்வக நகல் வந்துவிட்டால் அசல் போன் வழக்கு முடியும்வரை ப்ராப்பர்ட்டி ரூமில் கிடக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பி.என்.எஸ்.எஸ். 497-இன் கீழ் இடைக்கால ஒப்படைப்பு கேட்கலாம். தேவைப்படும்போது கோர்ட்டில் ஒப்படைக்கிறோம், அதுவரை எதையும் அழிக்க மாட்டோம் என்ற உறுதியையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். மனு தள்ளுபடியானாலும் சீல், ஐ.எம்.இ.ஐ. பற்றி அரசுத் தரப்பு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கிராஸுக்கு அந்தக் கவுண்டரையும் (எழுத்து மூலமான பதிலையும்) எடுத்துப் போங்கள்.