கத்திரிக்கு முன்னால் ஊரில் ஒரு சோலார் கண்காட்சி: எப்படி நடத்துவது?

மே தினத்தோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வருகிற ஆண்டு என்றால் அந்த நாட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு லீவு, வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். வேலூர் வெயிலில் மதியம் யாரும் வர மாட்டார்கள். அதனால் காலை 8 முதல் 12 வரை, மறுபடி மாலை 4 முதல் 8 வரை. மர நிழலும் தண்ணீரும் உள்ள பள்ளி மைதானம் போதும்.

நான் குடியாத்தம் பக்கம் வீட்டு வயரிங் செய்கிறவன். என்னைக் கேட்டால், மேடையைவிட முக்கியம் கரண்ட் பில் பார்க்கிற மேசைதான். ‘வரும்போது இ.பி. அட்டையோ, போனில் வந்த பில்லோ கொண்டு வாங்க’ என்று ரேஷன் கடை வரிசையிலும் உழவர் சந்தையிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயரிங் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, இரண்டு மாத யூனிட்டைப் பார்த்து, அந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டுக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். அவர்களைக் கடன் வாங்கி சோலார் போடச் சொல்லாதீர்கள், ஃபேனை மாற்றச் சொல்லுங்கள். பழைய ஃபேன் ஒன்றையும், குறைந்த கரண்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றையும் வாட் மீட்டரில் மாட்டி ஓடவிடுங்கள். ஒன்று 75 வாட் அளவில் நிற்கும், மற்றது 30 பக்கம். தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 27 யூனிட் மிச்சம். பகலெல்லாம் ஃபேனுக்கு அடியில் பீடி சுற்றும் பெண்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

500 யூனிட் தாண்டுகிற வீட்டுக்குத்தான் சோலார் கணக்கு. 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இதை அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிடுங்கள்.

ஒரு பேனலை வெயிலில் வைத்து மீட்டர் மாட்டுங்கள். ஓரத்தில் ஒரு துண்டைப் போட்டாலே மின்சாரம் படுத்துவிடும். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலும், பக்கத்து வீட்டுத் தென்னை நிழலும் என்ன செய்யும் என்பதை வாயால் விளக்க வேண்டியதில்லை. அப்புறம், வெயில் கொளுத்தினால் கரண்ட் கொட்டும் என்று பலரும் நம்புகிறார்கள். கரண்ட் தருவது வெளிச்சம். சூடு ஏற ஏற பேனலின் திறன் குறையத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்லுங்கள்: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

சோலார் அடுப்புப் பெட்டியில் 9 மணிக்கே அரிசியும் பருப்பும் வைத்துவிடுங்கள். 12 மணிக்குத் திறந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

கம்பெனிக்காரர்கள் கடை போடட்டும், விலையை எழுதி வைக்கட்டும். ஆனால் அன்றைக்கு யாரிடமும் முன்பணம் வாங்கக் கூடாது என்பதை இடம் கொடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். மின்சார ஸ்கூட்டரும் காட்டுவதானால், ஷோரூம் ஆளைவிட, அதை ஓட்டுகிற ஊர்க்காரரே மேல். மேட்டில் எப்படி ஏறுகிறது, பேட்டரி எத்தனை நாள் தாங்கியது என்று அவரிடம்தான் கூச்சமில்லாமல் கேட்பார்கள்.