கார் கேட் மாட்டும் முன் வீட்டில் நடக்கும் தவறுகள்

கேட் தரையில் உரசினாலும் தாழ்ப்பாள் பொருந்தாவிட்டாலும் திட்டு வாங்குவது வெல்டர்தான். பல நேரம் அவர் வருவதற்கு முன்பே, கொத்தனார் வேலையிலேயே கோளாறு விழுந்திருக்கும்.

பூசாத தூணை அளந்து ஆர்டர் கொடுப்பதில் தொடங்குகிறது அது. பூச்சும் டைலும் சேர்ந்தால் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் போய்விடும். 12 அடி இடம் பதினொன்றே முக்கால் அடியாகிவிடும். உயரத்திலும் இதே கதை. பேவர் கல்லும் அதன் மணல் படுக்கையும் சேர்ந்து தரையைச் சுமார் 4 அங்குலம் ஏற்றும். முடிந்த தரை எங்கே வரும் என்று ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து இரண்டு தூணிலும் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் 2 அங்குலம் விட்டுக் கேட் தொடங்கட்டும். வாசலிலிருந்து உள்ளே தரை ஏறிக்கொண்டே போனால் இந்த 2 அங்குலம் போதாது. 12 அடிக் கேட் இரண்டு ஆறடிக் கதவுகளாக வரும்; கதவு சுற்றும் அந்த ஆறடியைச் சமமாக விட்டு, ஏற்றத்தை அதற்கு அப்பால் வையுங்கள்.

தூணில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஆறடி இரும்புக் கதவு ஒன்று நூறு கிலோவை எட்டலாம். மேல் கீல் அந்தப் பாரத்தோடு தூணை ஓயாமல் உள்பக்கம் இழுக்கும். வெறும் செங்கல் தூண் வெடிக்கும், கதவு தொங்கும். நான்கு 12 மி.மீ. கம்பி, அவற்றைச் சுற்றிக் கட்ட 6 அங்குலத்துக்கு ஒரு ரிங், மூன்றடிச் சதுர அடித்தளம், நான்கடி ஆழம் என்பது சாதாரண மண்ணுக்கு ஏற்ற கணக்கு. கரிசல் மண்ணென்றால் பொறியாளரைக் கேளுங்கள். கீல் பிடிக்கும் தகட்டைக் கான்கிரீட் போடும்போதே உள்ளே பதித்துவிட வேண்டும். பிறகு கொத்தினால் தூணுக்குத்தான் சேதம். குறைந்தது 7 நாள் நீராற்றி, 28 நாள் கழித்துக் கேட்டை ஏற்றலாம்.

உள்ளே நிற்கும் காரை மறந்துவிடுகிறார்கள். 14 அடிக் காரும் ஆறடிக் கதவும் சேர்ந்தால் 20 அடி ஆழம் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் கேட்தான். அதற்கு மதிலோரம் திறப்பின் அகலத்தைவிட ஒன்றரை அடி கூடுதலாக, மீட்டர் பெட்டி, குழாய், படி எதுவும் நீட்டாத நேர்ச்சுவர் தேவை. தண்டவாளம் நீளவாக்கில் சிறிதும் சரியக்கூடாது; சரிந்தால் கேட் தானாக ஓடும்.

வாசலோரம் மழைநீர்க் கால்வாய் வெட்டி ஓட்டைப் பலகையால் மூடியிருந்தால், இரு கதவும் சேரும் இடத்தில் தரைக்குழிக்குள் போகும் நடுத் தாழ்ப்பாள் எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே பாருங்கள். பலகை மேல் விழுந்தால் குழி போட முடியாது.

மோட்டார் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களும் தரை போடும் முன் இரண்டு 25 மி.மீ. பிவிசி பைப் புதைத்துவிடுவது நல்லது. ஒன்று கரண்டுக்கு, மற்றது சென்சாருக்கும் (குறுக்கே ஆள் வந்தால் கேட்டை நிறுத்துவது) அழைப்பு மணிக்கும். சென்சார் வயர் எதிர்த்தூணுக்குப் போக வாசலுக்கு அடியில் ஒரு பைப் தனியாக வேண்டும். மழையில் நனையும் இரும்பு என்பதால் எர்த் வயரும் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் மோட்டாருக்கு இணைப்பு கொடுக்க விடாதீர்கள்.