கத்திரியில் பிழிந்து ஆடியில் விற்க: வீட்டு வடாம் தொழில்

ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுவிட்டால், வேலூர் பக்கத்து வீடுகளுக்குச் சும்மா கிடைக்கும் முதலீடு மொட்டை மாடி வெயில்தான். கத்திரியில் இங்கே 40 டிகிரி சர்வசாதாரணம். அந்த வெயிலில் அரிசி வடாம் போட்டு விற்பதற்கான செய்முறை இது.

சித்திரை, வைகாசியில் எல்லா வீட்டு மாடியிலும் வடாம் காயும். அப்போது யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் ஆடியில் தொடங்கி ஐப்பசி அடைமழை வரைதான் விற்பனை. எனவே பிழிவது சுலபம், அதை நாலைந்து மாதம் கெடாமல் வைப்பதுதான் தொழில்.

ஒரு ஈடுக்கு: பழைய பச்சரிசி மாவு 1 கிலோ, ஜவ்வரிசி 125 கிராம், பச்சை மிளகாய் 50 கிராம், கல் உப்பு 30 கிராம், எலுமிச்சை 2, சீரகம், பெருங்காயம். தண்ணீர் எல்லாம் சேர்த்து 4 லிட்டர். இரண்டு கிலோவை ஒரே ஈடாகப் போடாதீர்கள், கிண்ட முடியாமல் அடிப்பிடிக்கும். மெஷினில் மிளகாய்த்தூள் அரைத்த கையோடு நம் அரிசியைப் போட விடாதீர்கள். ரேஷன் அரிசியில் விற்பனைச் சரக்கு போடவே கூடாது. அது சட்டப்படி குற்றம்.

ஜவ்வரிசியை முதல் நாள் இரவே 1 லிட்டர் தண்ணீரில் ஊறவையுங்கள். விடியற்காலை 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஊறியதைத் தண்ணீரோடு ஊற்றிக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவிடவும். உப்பும் மிளகாய் விழுதும் இப்போதே. மீதி 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் கிண்டவும். மாவை அப்படியே கொதியில் கொட்டினால் கட்டி விழும், கட்டி அச்சுக் கண்ணை அடைக்கும். கூழ் பளபளத்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வரவேண்டும். அரைவேக்காட்டில் இறக்கினால் காயும்போதே நொறுங்கும், எண்ணெயில் பொரியாது. எலுமிச்சைச் சாறு, சீரகம், பெருங்காயம் எல்லாம் இறக்கியபின்.

உப்பு பற்றி ஒன்று. கூழை நாக்கில் வைத்தால் உப்பு பத்தவில்லை என்றுதான் தோன்றும். சேர்க்காதீர்கள். 5 கிலோ கூழ் காய்ந்து 1 கிலோ வடாம் ஆகிறது, போட்ட உப்பு முழுக்க அதற்குள்ளேயே நிற்கும். வாயில் சரியாகப்பட்ட கூழ், காய்ந்தால் கரிக்கும்.

அச்சில் பித்தளையே மேல். அலுமினியம் அழுத்தினால் வளையும், திருகுப்பிடி வைத்த எவர்சில்வர் அச்சில் பிழிந்து முடிப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். தேன்குழல் வில்லை போதும். எட்டு மணிக்குள் பிழிந்து முடியுங்கள். வேட்டித் துணியில் பிழிந்தால் பின்னால் தண்ணீர் தெளித்துத்தான் உரிக்க வேண்டும், அந்த ஈரம் மறுபடி காயணும். உணவுக்கு உகந்த கனமான பிளாஸ்டிக் ஷீட்டில் தானாகவே விட்டுக்கொள்ளும். காகத்துக்குக் கறுப்புத் துணி கட்டுவார்கள். இரண்டாம் நாளே காகம் அதற்குப் பழகிவிடும். பழைய கொசுவலை போதும், புழுதியும் அடங்கும்.

முதல் நாள் மாலையே ஷீட்டோடு உள்ளே எடுங்கள், பனியும் திடீர்க் கோடை மழையும் படக்கூடாது. இரண்டாம் நாள் உரித்துத் திருப்பிப் போடவும். மூன்றாம் நாள் படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது என்பார்கள். விற்பனைச் சரக்குக்கு இது போதாது. மேலே ஒடியும், தடித்த முடிச்சுக்குள் ஈரம் இருக்கும். ஒரு தட்டு வடாமை மாலையில் எடை போட்டு எழுதிவையுங்கள். மறுநாள் காயவைத்து ஆறவிட்டு மீண்டும் போடுங்கள். எடை குறைந்தால் இன்னொரு வெயில் வேண்டும். மாறாமல் நின்றால்தான் காய்ந்தது.

பெரும்பாலும் சரக்கு கெடுவது இதற்குப் பிறகு. மாடியிலிருந்து அள்ளிய சூட்டோடு கவரில் போட்டு ஒட்டினால், இரவு குளிரும்போது உள்ளே ஆவி வேர்த்து வடாமில் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, சில வாரத்தில் பூசணம். விசிறிக் காற்றில் முழுக்க ஆறவிட்டு, மூடி இறுகும் டின்னில் மொத்தமாக வையுங்கள். மாதம் ஒருமுறை வெயில் காட்டி, ஆறியதும் மூடுங்கள். ஆர்டர் வந்தபின் மட்டும் 200 கிராம் கவரில் போட்டால் போதும். மெல்லிய கவர் வேண்டாம், வடாம் முனை குத்திக் கிழிக்கும்.

கணக்கு இப்படி. அரிசி கிலோ 50, ஜவ்வரிசி 80 ரூபாய் என்று வையுங்கள். ஒரு ஈடுக்கு அரிசி 50, ஜவ்வரிசி 10, மிளகாய் வகையறா 15, கேஸ் 15, அரைகூலியும் கவரும் 20 என்று 110 ரூபாய். தேறுவது ஏறக்குறைய 1 கிலோ, அதில் நொறுங்கல் 100 கிராம் கழியும். மீதி 900 கிராமில் நாலரை பாக்கெட். பாக்கெட் அடக்கம் 25 ரூபாய்க்குள். இதில் உங்கள் கூலி இல்லை, அதையும் போட்டுத்தான் விலை வையுங்கள். நொறுங்கலை மெஸ்களில் வாங்குவார்கள், கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம்.

விற்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் செய்யலாம், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண், சேர்மானம், எடை, பேக் செய்த மாதம், விலை, முகவரி, பச்சைப் புள்ளி எல்லாம் கவரில் வேண்டும். உழவர் சந்தையில் இடம் கேட்டு அலையாதீர்கள், அங்கே விவசாயி அட்டை இருந்தால்தான். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்துத் தெருக் கடைகளில் ஆளுக்குப் பத்து பாக்கெட் கொடுத்துப் பார்க்கலாம். முதல் சீசனுக்குக் கடன் வாங்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: வடாம் பொரியாமல் நடுவில் கல்லாக நிற்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காய்ந்த எண்ணெயிலும் அப்படியே நின்றால் ஒன்று கூழ் வேகவில்லை, அல்லது உள்ளே ஈரம். ஈரம் என்றால் சடசடவென்று தெறிக்கும். இரண்டு வெயில் காட்டினால் சரியாகும். வேகாத கூழுக்கு மருந்து கிடையாது. அந்த ஈடை விற்காதீர்கள்.